தங்கையின் ஜன்னலுக்கு நேரே

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் ‘பகல்’ என்று சொன்னால்தான் தெரியும். பகல் எலக்ட்ரீஷியன் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். கேட்கவே வேண்டாம் என்பதுதான் உண்மை. இருட்டிய பிறகு தெருமுனையில் நின்று பார்த்தால், எந்த வீட்டைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறதோ, அதுதான் அவர் வீடு.

பட்டப்பெயரை வைத்தவர் ஒரு தையல்காரர். புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வெளிவிளக்குகள் போட இவரைக் கூப்பிட்டிருந்தார். வேலை முடிந்து சுவிட்சைத் தட்டியதும் தையல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இந்த மனுஷன் வந்துட்டுப் போனா வீட்டுக்கு ராத்திரியே கிடையாதுப்பா. ஒரே பகல்தான்!” என்றார். பாதி பாராட்டு, பாதி கிண்டல். நம் ஆள் கிண்டலை அங்கேயே விட்டுவிட்டுப் பாராட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார். அவர் சுபாவமே அப்படித்தான். எதிராளி பேசுவதில் தமக்கு வேண்டிய பாதி கிடைத்துவிட்டால் மீதிக்குக் காத்திருக்க மாட்டார்.

இருட்டின் மீது அவருக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வயரிங் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய அம்மா கொல்லைப்புறப் படியில் இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறவன் பெற்ற தாய்க்கு ஒரு பல்பு மாட்டவில்லையே என்று உறவுக்காரர் ஒருவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் அகராதியில் பாசம் என்றால் வெளிச்சம். பிரியப்பட்டவர்களுக்கு அதிக வாட்ஸ்.

வேலை முடிந்ததும் அவர் ஒரு சோதனை வைப்பார். வீட்டுக்காரரை கேட் வரைக்கும் அழைத்துப்போய், விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுப்பார். “பொடி எழுத்து தெரியுதா? படிங்க பாப்போம்.” வீட்டுக்காரர் படித்துவிட்டால் வேலை தேறியது. ராத்திரியில் கேட்டில் நின்று எவன் பேப்பர் படிக்கப்போகிறான் என்று யாரும் கேட்டதில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்கு அதன் கூச்சம் தெரியாது. எதிர்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவருக்கு ஒரே தங்கை. அப்பா ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு சின்ன வீடுகளைக் கட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நடுவில் ஒரு முற்றம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மரம். அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னலும் தங்கை வீட்டுப் படுக்கையறை ஜன்னலும் நேருக்கு நேர். வெங்காயமும் தீப்பெட்டியும் ஊர்வம்பும் அந்த இரண்டு ஜன்னல்கள் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தன. தங்கைக்கு பேக்கரியில் வேலை. ஊர் எழுந்திருப்பதற்குள் ரொட்டி வெந்திருக்க வேண்டும் என்பதால், மற்றவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவள் படுத்துவிட வேண்டும். அவள் கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில்தான் குடித்தனம். மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தான்.

ஒருமுறை கணவர் ஊரில் இல்லாத நேரத்தில் யாரோ சுவரேறிக் குதித்து, தங்கை வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் குழாய் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பகலுக்கு ரத்தம் கொதித்தது. போன மோட்டாரை நினைத்தல்ல. அம்மாவுக்குச் செய்யத் தவறியதைத் தங்கைக்கும் தவறவிட்டுவிட்டோமே என்று கொதித்தது. அன்றைக்கு வேறு வேலைக்கே போகவில்லை. உச்சி வெயிலில் தம் வீட்டு மொட்டைமாடியில் நின்று, கைப்பிடிச் சுவரின் மூலையில் இரும்புக் கம்பி நட்டு, முற்றத்தில் தங்கை வீட்டுப் பக்கத்தைப் பார்த்தபடி பெரிய ஃபோகஸ் லைட் ஒன்றை மாட்டினார். இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும்.

இருட்டியதும் தங்கையை கேட்டில் நிற்கவைத்துப் பேப்பரைக் கொடுத்தார். அவள் பொடி எழுத்தைப் படித்தாள். “நல்லாத் தெரியுதுண்ணா” என்றாள். அண்ணனின் கழுத்து வெயிலில் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. வெளிச்சம் பிடித்துப்போய்க் கலங்குகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். தங்கை முற்றத்தில் துணி காயப்போட்டபடி ஆரம்பித்தாள்.

“அண்ணா, அந்த லைட்டு...”

“என்ன, எரியலையா?”

“எரியுதுண்ணா. ராத்திரி முழுக்க...”

“முழுக்க எரியும். நீ சுவிட்சு பக்கமே போக வேணாம். நிம்மதியாப் படு.”

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தாள்.

“அண்ணா, என் ரூம் ஜன்னல் பக்கம் அந்த வெளிச்சம் கொஞ்சம்...”

“கொஞ்சமாத்தான் வருதா? பயமா இருக்கா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன? பெருசா மாத்திடறேன் விடு.”

சொன்னபடியே மறுநாள் பெரிதாக மாற்றினார். இந்த மனிதரை என்ன செய்வது? தங்கை முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னால் இன்னும் பெரிதாக வந்துவிடுமோ என்று பயந்தோ என்னவோ, அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

அந்த ஜன்னலில் கனமான திரை ஒன்று வந்தது. அடர்த்தியான நீலம். வந்தது விலகவே இல்லை. வெங்காயம் போவதும் வம்பு வருவதும் நின்றன. பகல் முதலில் வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தார். பிறகு, நம்மைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று முடிவுகட்டினார். மாப்பிள்ளை ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பாரோ? வீடு பிரித்ததில் ஏதாவது மனத்தாங்கலா? காரணங்களை அவரே உண்டாக்கி, அவரே நம்பி, அவரே கோபித்துக்கொண்டார்.

“அவ ஜன்னல்ல என்னமோ அட்டை வெச்சு ஒட்டறா. என்னன்னு ஒரு எட்டு போய்க் கேளுங்களேன்” என்றாள் மனைவி.

“என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு அட்டை ஒட்டறவகிட்ட நான் ஏன் போய்க் கேக்கணும்? வேணும்னா அவ வரட்டும்.”

“அவ வந்து சொன்னா மட்டும் நீங்க கேட்டுக் கிழிச்சுடுவீங்க.”

அதற்கும் அவர் காது கொடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தங்கை வீட்டுப் பக்கம் பார்க்காமலே கேட்டைத் திறந்து போய்வரக் கற்றுக்கொண்டார்.

பேக்கரி அடுப்பிலிருந்து எடுத்த சூடான தட்டு முழங்கையில் சாய்ந்து தங்கைக்குத் தீக்காயம் பட்டபோது மட்டும் கோபத்தை மறந்து ஓடினார். கையில் கட்டோடு அவள் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பார்த்ததும் பதறியது. பதற்றம் வந்தால் அவருக்குத் திட்டத்தான் வரும்.

“வேலையில கவனம் வேணாமா? கண்ணை எங்க வெச்சிருந்த?”

“நின்னபடியே கண்ணு சொக்கிடுச்சுண்ணா.”

“ராத்திரி டிவி முன்னாடி உக்காந்திருந்தா சொக்காம என்ன பண்ணும்?”

தங்கை அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் வாங்கிவந்த பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

காயம் ஆறிய கையோடு அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். பேக்கரிக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள இடம் ஒன்று கிடைத்திருப்பதாகத் தங்கையின் கணவர் வந்து சொன்னார். “வேலைக்குக் கிட்டத்துல இருக்கும் மச்சான், அவ்வளவுதான்.”  பகல், சாமான் ஏற்றிய அன்று மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்த்தார். கட்டிலின் ஒரு முனையையாவது பிடித்திருக்கலாம். மனைவிதான் இறங்கிப்போய்க் கூடமாட உதவினாள். தங்கை வண்டியில் ஏறும் முன் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தண்ணீர்க் குழாயைச் சரிபார்ப்பவர் மாதிரி குனிந்துகொண்டார்.

வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு. படுக்கையறை சுவிட்ச் ஒன்று மக்கர் செய்கிறது, அண்ணனை வந்து பார்க்கச் சொல்லுங்கள் அண்ணி என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். பகல் ஒரு மாலையில் சாவியை எடுத்துக்கொண்டு, முனகிக்கொண்டே போனார். அறை புழுங்கியது. நீலத் திரையைக் கழற்றினார். அதற்குப் பின்னால் கேக் பெட்டி அட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, இடுக்கு விடாமல் ஒட்டியிருந்தன. பெயின்ட்டைப் பாழ் பண்ணியிருக்கிறாளே என்று திட்டியபடி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்தார்.

வெளியே பொழுது சாய்ந்தது. டார்ச்சை எடுக்கக் கையை நீட்டியபோது மாடியில் அவருடைய விளக்கு தானாக எரிந்தது.

மெயின் அணைந்த வீட்டில், ஸ்க்ரூவின் பள்ளம் துல்லியமாகத் தெரிந்தது. சுவரில் அவருடைய நிழல் வெட்டிவைத்ததுபோல் நின்றது. தரையில் கிடந்த பழைய பேப்பரின் பொடி எழுத்தை நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. நல்ல வெளிச்சம் என்றுதான் முதலில் நினைத்தார். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது. பிறகுதான் இது படுக்கையறை என்பது உறைத்தது. திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அத்தனை வீடுகளில் விளக்குப் போட்டவர், தம் விளக்கை அப்போதுதான் முதல்முறை நேருக்கு நேர் பார்த்தார். கண்ணில் குத்தியது. முகத்தைத் திருப்பினால் எதிர்ச் சுவர் கூசியது. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் சிவப்பாக எரிந்தது.

கட்டில் கிடந்த இடத்தைத் தேடினார். கட்டில் கால் பதிந்த தடம் ஜன்னலோரம் இருந்தது, பிறகு மூலையில் இருந்தது, பிறகு கதவோரம் இருந்தது. வெளிச்சத்துக்குத் தப்பிக் கட்டிலை அறை முழுக்க இழுத்துப் பார்த்திருக்கிறாள். அடுத்திருந்த சாமான் அறைக்குப் போய்ப் பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை. காலை நீட்டிப் படுக்க நீளம் போதாது. சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தலையெண்ணெய் பட்ட கறை இருந்தது. தலை வைத்துத் தலை வைத்துக் கறுத்திருந்தது. தங்கை அங்கேதான் முடங்கிப் படுத்திருக்கிறாள். அந்தக் கறையைக் கையால் தொட்டபோது அவருக்கு ஆஸ்பத்திரியில் தாம் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. டிவி என்றோமே, பாவி, டிவி என்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்தவர் நேராக மாடியேறி லைட்டின் வயரைப் பிடுங்கினார்.

“ஏன்டி என்கிட்ட சொல்லலை?” என்று மனைவியிடம் பாய்ந்தார்.

“அட்டை ஒட்டறான்னு சொன்னேனே. போய்க் கேளுங்கன்னு சொன்னேனே.”

 அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி வற்புறுத்தவும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும், தங்கை திரும்பி வர வேண்டும். இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. போனை எடுப்பார், வைப்பார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாய் பழகியதே இல்லை. கைக்குத் தெரிந்த வழியில் கேட்போம் என்று கருவிப் பையைத் தூக்கினார்.

மாடியிலிருந்த கம்பியை அறுத்தெறிந்தார். தங்கை வீட்டுப் பின்கதவுக்கு மேலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேல், தகரத் தொப்பி போட்ட சின்ன விளக்கு ஒன்றை மாட்டினார். ஒளி மேலேயும் போகாது, பக்கத்திலும் போகாது, தரையை மட்டும் பார்க்கும். மஞ்சள் பல்பு. ஆள் நடமாடினால் எரிந்து, சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். திருட்டுக்குப் பிறகு வாங்கிப் போட்ட புது மோட்டாரின் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. மாட்டிவிட்டுச் சோதனை. இந்த முறை பேப்பர் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார்.

“நீ சுவர்ப் பக்கத்துலேர்ந்து பதுங்கிப் பதுங்கி வா” என்று ஜன்னல் வழியாக மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“இந்த வயசுல என்னைத் திருடியாவும் ஆக்கிட்டீங்க. எதைத் திருடணும்? மோட்டாரையா, தொட்டியையா?”

“சும்மா நட. என் கண்ணுல வெளிச்சம் படுதான்னு பாக்கணும்.”

கொஞ்சம் பட்டது. தொப்பியை இன்னும் இரண்டு விரல் கீழே இழுத்தார். மறுபடி வந்து படுத்தார். அறை இருண்டு கிடந்தது. முற்றமோ பளிச்சென்று இல்லாவிட்டாலும் முழுசாகத் தெரிந்தது. முன்பு ஃபோகஸ் லைட் எரிந்தபோது தொட்டியின் பின்பக்கம் கன்னங்கரேல் என்று கிடக்கும். திருடன் அங்கே பாய் விரித்துப் படுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. இப்போது அங்கே சாத்திவைத்திருந்த துடைப்பம்கூடத் தெரிந்தது. மரத்தில் வேளை தெரியாமல் கத்திக்கொண்டிருந்த பறவைகளும் அடங்கியிருந்தன. விளக்கடியில் தினம் காலையில் முறத்தில் அள்ளும் செத்த பூச்சிகள் இனி இருக்காது என்று மனைவிக்கு ஒரு சந்தோஷம்.

அத்தோடு நிற்காமல், தாம் பகலாக்கிய வீடுகளுக்கெல்லாம் தொப்பிகளைத் தூக்கிக்கொண்டு போனார். “பகலே வந்து பகலை அணைக்கச் சொல்றாரே” என்று தையல்காரர் சிரித்தார். அவருடைய எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “தலைகாணியை மூஞ்சி மேல வெச்சுத்தான் இத்தனை வருஷமாத் தூங்கறேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது?” என்றார். சில வீடுகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வெளிச்சத்தை விற்றுவிட்டு இருட்டை இலவசமாகத் தருகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்?

பிறகு மனைவியைத் தங்கைக்குப் போன் செய்யச் சொன்னார். விடுமுறை நாள் பார்த்து அவள் வந்தாள். இருட்டும் வரை காத்திருந்து, முற்றத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அவள் காலடி பட்டதும் மஞ்சள் வெளிச்சம் தரையில் விழுந்தது. அவள் நகர்ந்ததும் அணைந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மரத்துக்கு மேலே நாலைந்து நட்சத்திரம் தெரிந்தது.

“நல்லா இருக்குண்ணா.”

“ஏம்மா, அன்னைக்கே என்னைப் பிடிச்சு உலுக்கிச் சொல்லியிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருக்கக் கூடாதா?”

“எனக்காக வெயில்ல நின்னு போட்டது. அதை வெச்சு எப்படிண்ணா சண்டை போடறது? என்னைக்காவது நீயே கேப்பேன்னு இருந்தேன்.”

 “வந்துடும்மா. வேற யாருக்கும் விட வேணாம்” என்றார். மன்னிப்பு இன்னும் வாயில் வரவில்லை. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்.

தங்கை யோசித்தாள். “இன்னைக்கு ஒரு ராத்திரி படுத்துப் பாக்கறேண்ணா” என்றாள். அண்ணி பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். பழைய அறையிலேயே, ஜன்னலைத் திறந்துவைத்து, படுக்கை விரித்தார்கள். பகல் தம் வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றையும் அணைத்தார். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த மனைவியைக்கூட, வெளிச்சம் வரும் என்று அதட்டினார்.

காலையில் தங்கை வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

“வெளிச்சம் பட்டுச்சா? எந்தப் பக்கம்? சொல்லு, இப்பவே சரி பண்றேன்.”

“ஒண்ணுமே படலைண்ணா. நல்ல இருட்டு. எனக்குத்தான் முடியலை. இப்ப எரியுமோ, இப்ப எரியுமோன்னு ஜன்னலையே பாத்துட்டுக் கிடந்தேன். அந்த ரூம்ல படுத்தாலே உடம்பு முழிச்சுக்குது.” ஏதோ அவள்தான் தப்புச் செய்துவிட்டதுபோல் சிரித்தாள். “பேக்கரி வீட்டுல படுத்ததும் தூங்கிடறேண்ணா. தப்பா எடுத்துக்காத.”

அவர் பையை வாங்கிக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரை அவள் பேக்கரியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். இந்த முறை அவர் குறுக்கிடவில்லை, முழுதும் கேட்டார். பேருந்து வந்தது. ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்து, பையை மடியில் வைத்துவிட்டு இறங்கினார். ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று பேருந்தைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து, “அம்மா, என்னை...” என்று வாயெடுத்தார்.

தங்கை கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். முகத்தில் வெயில் விழுந்தும் அசையவில்லை. தட்டிக் கூப்பிட்டால் எழுந்துவிடுவாள். அவர் கூப்பிடவில்லை. வெயிலை மறைத்தபடி ஜன்னலருகில் நகர்ந்து நின்றார். பேருந்து கிளம்பும் வரை அப்படியே நின்றார்.